பூங்காலின் கிளட்ச்

என் அண்ணனுக்குத் தெருவில் பூங்கால் என்று பெயர். அவன் கிளட்சை விடுவது வண்டிக்கே தெரியாது. மடியில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு பின் சீட்டில் போகலாம், ஒரு சொட்டு சிந்தாது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. எனக்கும் ஒரு பெயர் உண்டு. அதை வைத்தவன் அவன்தான். கைராசிக்காரன். மெச்சி வைத்ததில்லை. "என் தம்பி பெரிய கைராசிக்காரன்ல, அவன் தொட்ட வண்டி தொட்ட இடத்தை விட்டு நகராது" என்று டீக்கடையில் நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தான். கூடப் பிறந்தவனே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பிடித்துக்கொண்டார்கள்.

நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? அவன் கேட்டதைச் செய்தேன். அதுதான் நான் செய்த பாவம்.

அண்ணன் காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். மாலையில் திரும்பக் கொண்டுவந்து அவரவர் வாசலில் இறக்கிவிடுவான். நீளமான பழைய வண்டி, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. அந்த வேலையில்தான் அவன் உயிர் இருந்தது. என் ஒர்க்‌ஷாப் தெருமுனையில். தகரக் கூரை, நடுவில் இறங்கி வேலை பார்க்க ஒரு பள்ளம், சுவரோரமாக இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ், கூட மாட ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. பக்கத்துக் கடையில் பேட்டரி சார்ஜ் செய்பவர் அவசரத்துக்குக் கை கொடுப்பார். அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

ஒருநாள் அண்ணன் வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான்.

"கிளட்ச்ல உயிரே இல்லடா. பஞ்சு மூட்டைய மிதிக்கிற மாதிரி இருக்கு. எங்க பிடிக்குது, எங்க விடுதுன்னே தெரியல."

அவன் வண்டியில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் கம்பி கிடையாது, ஆயில்தான். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியாகப் போய்க் கீழே கியர்பாக்ஸ் ஓரம் இருக்கும் குட்டி சிலிண்டரைத் தள்ளும். அந்தக் குட்டி சிலிண்டர் கவை மாதிரி இருக்கும் ஃபோர்க்கைத் தள்ள, கிளட்ச் விடும். காலுக்குத் தெரிவதெல்லாம் அந்த ஆயில் வழியாக வந்து தெரிவதுதான். வழியில் எது அதை விழுங்கினாலும் காலுக்குச் சேதி வந்து சேராது.

நான் முதலில் ரப்பர் ஹோஸைக் கழற்றினேன். வயசான ரப்பர், மிதிக்கும்போது உப்பும், அந்த அளவுக்கு மிதி வீணாகும். இரும்புக் கம்பி பின்னிய ஹோஸ் ஒன்றைப் போட்டேன். அண்ணன் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான். சரி என்று, கம்பெனிக்காரன் குழாய்க்கு நடுவில் வைத்திருக்கும் சின்ன அடைப்பானையும் எடுத்தேன். கிளட்சைத் தொப்பென்று விடுகிறவர்களுக்காக வைத்தது அது. குழாய்த் தண்ணீரைக் கட்டைவிரலால் பாதி மறைத்த மாதிரி, ஆயிலை மெதுவாகத் திரும்பவிடும். நன்றாக ஓட்டுகிறவனுக்கு அது ஒரு தண்டம். அதற்கும் அண்ணன் "ஒண்ணும் தெரியலடா" என்றான். கடைசியாக, மாஸ்டர் சிலிண்டரையே ஒரு அளவு பெரிதாகப் போட்டேன். மிதி கொஞ்சம் கனக்கும், ஆனால் தூரம் குறையும், கிளட்ச் பிடிக்கிற இடம் விரலால் சுண்டிய மாதிரி காலில் வந்து தட்டும்.

நானே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஏறுமேட்டில் பிரேக் இல்லாமல், கிளட்சை மட்டும் பிடித்துக்கொண்டு நிறுத்திப் பார்த்தேன். அசையவில்லை. அட, நாம் இவ்வளவு நல்ல வேலைக்காரனா என்று எனக்கே கர்வமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு பெடலை நான் மிதித்ததில்லை.

அண்ணன் ஓட்டிவிட்டு வந்து கதவை அறைந்து சாத்தினான்.

"முன்னயாவது பஞ்சு மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. என்னத்தடா பண்ணித் தொலைச்சே?"

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். நல்லவேளை, பள்ளத்தில் விழுந்தது. "உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு. ஒண்ணுமே இல்லைன்னு சொல்லாதே. பச்சைக் குழந்தை மிதிச்சாக்கூடத் தெரியும் இது" என்று கத்தினேன். அவன் கிளம்பிப் போனான். போகும்போது பார்த்தேன், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இடது செருப்பு பள்ளத்தின் ஓரத்தில் கழன்று கிடந்தது. அவன் பாட்டுக்கு மண்ணில் நடந்துகொண்டிருந்தான்.

"இன்னொரு செருப்பு எனக்கு சீதனமா?" என்று பின்னால் இருந்து கூவினேன்.

அவன் நின்று குனிந்து பாதத்தைப் பார்த்தான். திருடன் பிடிபட்ட மாதிரி ஒரு முழி. பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மாட்டிக்கொண்டான். கோபத்தில் கவனிக்காமல் போகிறான் என்று நானும் விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பாலேயே அடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் டீக்கடைப் பேச்சு. 'தம்பி கைவெச்சதுல இருந்து வண்டி சரியில்லை' என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தான். வாடிக்கையாக என்னிடம் வருகிறவர்கள் என் வாசலில் நிறுத்தாமல் கையை மட்டும் காட்டிவிட்டு வேறு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனார்கள். ஒருவர் என்னிடமே வந்து, "தப்பா நெனச்சுக்காதே, கிளட்ச் வேலை மட்டும் வேற ஆள்கிட்ட குடுத்துக்கறேன்" என்றார். கிளட்ச் வேலை மட்டும்! எனக்குக் கை வந்ததே அந்த ஒரு வேலைதான். சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

அப்புறம் பள்ளிக்கூட வாசலில் அது நடந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கேட் திறப்பதற்காக நின்ற வண்டி, திடீரென்று ஒரே தாவலாகத் தாவி வாட்ச்மேனுடைய ஸ்டூலை நசுக்கிவிட்டது. கேட்டைத் திறக்க அவர் அப்போதுதான் ஸ்டூலை விட்டு எழுந்திருந்தார். உள்ளே பிள்ளைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரு பெண்ணுக்கு உதடு கிழிந்தது. எங்கள் தெருத் தையற்காரம்மாவின் மகள் அவள். நான் ஓடிப்போனபோது ஸ்டூல் பம்பருக்கு அடியில் அப்பளமாகக் கிடந்தது. அண்ணன் வண்டிக்கு வெளியே நின்றுகொண்டு, சுற்றி நின்ற பெற்றவர்களிடம் என்னைக் கைகாட்டினான்.

"இவன்தான். நல்லா இருந்த கிளட்ச்ச நோண்டி நோண்டி இந்த கதிக்குக் கொண்டாந்துட்டான்."

தையற்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன். மகளின் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வண்டிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டா" என்று அண்ணனிடம் சொன்னேன். "நான் போட்டது அத்தனையும் கழட்டிப் பழசையே மாட்டித் தரேன். நீயே உட்கார்ந்து மிதி. அப்பவும் குத்தம் இருந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுவந்தான். நான் காலையிலிருந்தே பழைய சாமான்களைத் துடைத்து வைத்திருந்தேன். பழைய சிலிண்டர், அந்த அடைப்பான்கூட. ரப்பர் ஹோஸ் மட்டும் பழசு உப்பும் என்பதால் அதே மாதிரி புதுசு. வெறுப்பில் கை வேகமாக ஓடியது. எல்லாம் மாட்டி ஆயில் ஊற்றியாயிற்று. இனி ஏர் எடுக்க வேண்டும். குழாயைப் பிரித்தால் காற்று உள்ளே போய்விடும், அதை வெளியேற்றாவிட்டால் பெடல் நிஜமாகவே பஞ்சுதான்.

ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். எங்கள் பழக்கம் இப்படி: மேலே இருப்பவன் பெடலை நாலைந்து முறை அடித்து, பாதியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கேன்" என்பான். கீழே பள்ளத்தில் இருப்பவன் "திறக்கறேன்" என்று சொல்லிக் குட்டி சிலிண்டரில் இருக்கும் நிப்பிளை, அந்தச் சின்ன வடிகால் திருகை, திறப்பான். ஆயிலும் காற்றுமாகச் சீறி வெளியே வரும், பெடல் காலுக்கடியில் தரைக்கு இறங்கிவிடும். உடனே மேலே இருப்பவன் "இறங்கிருச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவன் நிப்பிளை மூடுவான். பிறகு மறுபடி. ஆரம்பத்தில் என் ஒர்க்‌ஷாப்பில் மிதிக்க வருவது அண்ணன்தான். அவன் மிதித்தால் சீக்கிரம் முடியும். ஆனால் இந்த வண்டிக்கு முன்பு மூன்று தடவை ஏர் எடுத்தபோதும் அவன் ஏதோ சாக்குச் சொல்லி நழுவிவிட்டான். பேட்டரிக் கடைக்காரர்தான் மிதித்தார். இன்றைக்கு நான் விடவில்லை.

"நீயே மிதி. அப்புறம் அவர் சரியா மிதிக்கலைன்னு சொல்லுவே."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே நின்ற பேட்டரிக் கடைக்காரரிடம் என் பெருமையைப் பேச ஆரம்பித்தான். நான் பள்ளத்தில் இறங்கினேன்.

"பிடிச்சிருக்கேன்."

"திறக்கறேன்" என்றேன். ஸ்பேனர் வழுக்கிவிட்டது. நிப்பிளின் முனை தேய்ந்திருந்தது. மறுபடி மாட்டுவதற்குள் மேலே இருந்து குரல் வந்தது.

"இறங்கிருச்சு."

நான் இன்னும் திறக்கவே இல்லை.

சரி, பேச்சு சுவாரசியத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். "மறுபடி பிடி" என்றேன். பிடித்தான். கண்ணெதிரே ஃபோர்க் பாதி தூரம் வந்து நின்றது. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, நிப்பிளைத் தொடாமலே, "திறக்கறேன்" என்றேன். ஃபோர்க் ஒரு நூல்கூட அசையவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இறங்கிருச்சு" என்றான் அண்ணன்.

பெடல் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் ஃபோர்க் நகர்ந்திருக்கும். எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று பழக்கத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான் அவன். கால் சொல்லி அவன் சொல்லவில்லை.

"நல்லா இறங்குச்சாண்ணே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"பஞ்சு மாதிரி இறங்குது. இதைத்தானேடா நான் தலையால அடிச்சுக்கறேன்?" என்றவன் பேட்டரிக் கடைக்காரர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, பழசைப் போட்டும் அதே கதிதான். கைராசி!" என்று சிரித்தான். அவரும் சிரித்தார்.

பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். கழன்று கிடந்த செருப்பு ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக அவன் வண்டியில் ஏறியதும் குனிந்து பெடலைப் பார்த்துவிட்டுக் காலை வைப்பது ஞாபகம் வந்தது. பூங்கால்! அந்தக் காலில் ஒன்றுமே இல்லை. கிளட்சிலிருந்து கால் நழுவியதுகூடத் தெரியாமல்தான் பள்ளிக்கூட வாசலில் வண்டி தாவியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் தெருப் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருக்கிறான். அதை மறைக்கத்தான் என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறான். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று முதல் நாளே அவனுக்குத் தெரியும். தெரிந்தே என்னை ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்து, ஒவ்வொரு தடவையும் காறித் துப்பியிருக்கிறான்.

நிப்பிள் தேய்ந்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும், வண்டி நாளை வரைக்கும் நிற்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவன் டீக்கடைப் பக்கம் போனான். கையைக் கழுவிக்கொண்டு நேராக அண்ணி முன்னால் போய் நின்றேன். அண்ணி அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு இடது கால்ல உணர்ச்சி இல்ல. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அண்ணி நிமிரவில்லை. "சத்தம் போடாதீங்க தம்பி. உள்ளே பிள்ளை படிக்கிறான்."

"தெரியுமா?"

"சுகர். போன வருஷத்துல இருந்து. அடுப்புல இருந்து தெறிச்ச தணல் மேலயே நின்னாரு ஒருநாள். நாத்தம் வந்த பிறகுதான் பார்த்தோம்." வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "டாக்டர் வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாரு. இவரு கேக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வண்டிய பிடுங்கிடுவீங்க. அப்புறம் மனுஷன் மூலையில உட்கார்ந்துருவாரு. உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டாரு தம்பி, எனக்குத் தெரியும்."

"அதுக்கு என் பேரை நாறடிப்பீங்களா?"

அப்போதுதான் அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வெங்காயமா வேறெதுவா தெரியவில்லை. "பேருதானே போச்சு உங்களுக்கு" என்றார். "நீங்க கெட்டிக்காரர். திரும்ப சம்பாதிச்சுக்குவீங்க."

இவ்வளவு சுலபமாக அதைச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. பேர் என்ன, காய்கறியா, நாளைக்குப் போய் வாங்கிக்கொள்ள? வெளியே வந்தேன். நாளைக்கு எல்லோரையும் வைத்துக்கொண்டு போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். என் அண்ணன், என் அண்ணி என்று பார்த்தது போதும்.

மறுநாள் காலையில் அண்ணன் வரும்போதே கூட்டத்தோடு வந்தான். தையற்காரம்மா, உதட்டில் தையல் போட்ட மகள், இன்னும் சில பெற்றோர்கள். பேட்டரிக் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டார். பிள்ளைகள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன கைராசிக்காரரே, முடிஞ்சுதா?" என்றான் அண்ணன்.

தையற்காரம்மா முன்னால் வந்தாள். "நீங்களே சொல்லுங்க. இந்த வண்டில பிள்ளைங்கள அனுப்பலாமா, கூடாதா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வண்டிக்கு ஒன்றுமில்லை, இவன் காலைக் கிள்ளிப் பாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒர்க்‌ஷாப் படியைத் தாண்டி உள்ளே வந்ததும் சட்டென்று குனிந்து, யாரும் கவனிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இடது காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். இருந்தது. நிமிர்ந்தான்.

சனியன், அந்த ஒரு நொடியில் என் வாய் கட்டிப்போய்விட்டது.

"கூடாது" என்றேன். "கிளட்ச்ச நான் கெடுத்துட்டேன். இனி சரியாகாது. வண்டி எடுக்க முடியாது. நீங்க பிள்ளைங்களுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க."

அண்ணன்தான் முதலில் அசைந்தான். நான் இல்லை என்று கத்துவேன், சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்து வந்தவன். விறுவிறுவென்று வந்து, திறந்து கிடந்த பானெட்டுக்குள் என் பக்கத்தில் தலையை நுழைத்தான்.

"என்னடா உளர்றே? உன் வேலையை நீயே..."

"நான் நிப்பிளைத் திறக்கவே இல்லண்ணே" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் இறங்கிருச்சுன்னு சொன்னே."

அவன் மாஸ்டர் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவியைக் குடு. வண்டி கெட்டதுன்னே இருக்கட்டும், நான் கெடுத்ததுன்னே இருக்கட்டும். இனி வேற எந்த வண்டில நீ ஏறினாலும் நான் வாயைத் திறந்துருவேன்."

தியாகம் கியாகம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'தப்பு என் மேலதாண்டா' என்று அந்த பானெட்டுக்குள் முனகியிருந்தால்கூடப் போதும். யாருக்கும் கேட்டிருக்காது.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான். தலையை வெளியே எடுத்தான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான்! என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டான் பாவி. கூடப் பொறந்த அண்ணன் வண்டியையே இப்படிப் பண்ணினவன் உங்க வண்டிய என்ன பண்ணுவான்? இவன் கைல ஒரு சைக்கிளைக்கூடக் குடுக்காதீங்க!"

திட்டிக்கொண்டே தெருவில் இறங்கினான். இதுவரை நான் அவன் வாயில் கேட்காத வார்த்தைகள் எல்லாம் வந்தன. தையற்காரம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "தூ" என்று துப்பினாள். கூட்டம் அவனைச் சமாதானப்படுத்திக்கொண்டே அவன் பின்னால் போயிற்று. "விடுங்கண்ணே, அவன் உருப்படவா போறான்" என்றார் பேட்டரிக் கடைக்காரர்.

படியோரத்தில் இடது செருப்பு கழன்று கிடந்தது. யாராவது திரும்பிப் பார்ப்பதற்குள் நான் அதைக் காலால் வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.